சர் ரொனால்டு ராஸ்

நீலகிரிக்குச் செல்வோர் பெரும்பாலும் உதகமண்டலத்தின் ஏரியையும் தொட்டபெட்டாவின் முடியையும் கண்டு மீள்வர். உதகையிலிருந்து வடக்கே கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சீகூர் மலைப்பாதையை நாடுவோர் சிலரே. வளைவின் மேல் வளைவாக அப்பாதை சரியச் சரியக் குளிர் குறையும், சோலைகள் மறையும், முள்மரக் காடு தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் விளங்கிய அச்சரிவு, மலேரியாக் காய்ச்சலுக்கும் பெயர்பெற்றிருந்தது. சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சியவர்கள் மலைமேல் ஏறி உதகையின் குளிரில் தங்குவது அக்கால வழக்கம். 1897ஆம் ஆண்டில் விடுமுறையில் உதகைக்கு வந்த ஒரு மருத்துவரோ, காய்ச்சலைத் தேடி மலையினின்று கீழே இறங்கினார். அவரே ரொனால்டு ராஸ்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இமயமலைச் சாரலில் இன்றைய உத்தராகண்டு மாநிலத்தில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாள்களே ஆகியிருந்த நேரம் அது. தந்தையார் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய பத்து மக்களுள் ராஸே மூத்தவர். எட்டு வயதில் அவரைக் கல்வியின்பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தனர். பள்ளியில் கணிதத்திற்காக அவருக்கு ஒரு நூல் பரிசாகக் கிடைத்தது. அது வானுலகக் கோள்களைப் பற்றியது. எங்கோ தொலைவில் சுழலும் கோள்களின் போக்கை ஒருவன் தன் மேசைமுன் அமர்ந்து கணித்துவிட இயலும் என்பது அவ்விளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது.

ஆயினும் கணிதத்தையே வாழ்க்கையாகக் கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய நாட்டமெல்லாம் ஓவியத்திலும் கவிதையிலும் இருந்தது. தந்தையாரோ மகனை மருத்துவனாக்கி இந்திய மருத்துவப் பணியில் சேர்க்க விரும்பினார். தந்தையின் சொல்லே வென்றது. இலண்டனில் தூய பர்த்தலோமியோ மருத்துவமனைக் கல்லூரியில் ராஸ் பயின்றார். விருப்பமின்றிப் படித்த படிப்பாதலின் அதில் அவர் பெரும்புகழ் பெறவில்லை. ஒரு தேர்வில் தோல்வியும் கண்டார். 1881ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அவருக்குக் கிடைத்தது சென்னை மாகாணப் பணி. படைமருத்துவருக்கு நாள்தோறும் இருந்த வேலை மிகுதியன்று. எஞ்சிய பொழுதிற் பாட்டும் கதையும் எழுதினார். கணித நூல்களை வரவழைத்துத் தாமே கற்றார். ஆசிரியர் துணையின்றி அவர் கற்ற அக்கணிதம் பின்னர் எவ்விடத்திற் பயன்படப்போகிறது என்பதை அன்று அவரும் அறியார். 1883ஆம் ஆண்டில் பெங்களூரில் தங்கியிருந்தபோது அவருடைய வீட்டிற் கொசுத்தொல்லை மிகுதியாயிற்று. சாளரத்தின் அருகே நீர் தேங்கிய தொட்டி ஒன்றிருந்தது. அதிற் புழுக்கள் நெளிந்தன. நீரைக் கவிழ்த்துக் கொட்டியதும் வீட்டிற் கொசுக்கள் குறைந்தன. எல்லாக் கொசுவும் ஒழிந்துவிடவில்லை, குறைந்தன. இக்குறைவு என்னும் சொல்லை நாம் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இச்சொல்லைச் சுற்றியே சுழன்றது.

மலேரியா நோயாளியின் குருதியில் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி வாழ்கிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லவரான் 1880ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அது ஒருவர் உடலினின்று மற்றொருவர் உடலுக்குச் செல்லும் வழியைத்தான் எவரும் அறியவில்லை. யானைக்கால் நோயின் புழுவைக் கொசுவின் உடலிற் கண்டறிந்தவர் பாட்ரிக் மான்சன். மலேரியாவிலும் கொசுவுக்குப் பங்குண்டு என்று அவர் கருதினார். 1894ஆம் ஆண்டு விடுமுறையில் இலண்டன் சென்ற ராஸுக்கு அவர் அவ்வொட்டுண்ணியை நுண்ணோக்கியிற் காட்டினார். தம் கருத்தையும் விளக்கினார். ராஸின் உள்ளத்தில் அன்று பற்றிய தீ பின்னர் அணையவே இல்லை. மறு ஆண்டில் இந்தியா திரும்பியவர், செகந்தராபாத்தில் கொசுக்களைப் பிடித்து அறுத்துச் சோதிக்கத் தொடங்கினார்.

இந்நிலையில்தான் 1897ஆம் ஆண்டில் அவர் நீலகிரிக்கு வந்தார். சீகூர்ச் சரிவில் அவர் கண்ட கொசுக்களுள் ஒன்று புதுமையாக இருந்தது. அதன் சிறகுகளிற் புள்ளிகள் காணப்பட்டன. மற்றக் கொசுக்களைப்போற் சுவரோடு ஒட்டி அமராமல், உடலின் பின்பகுதியை உயர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தது. அதன் பெயரை அவர் அறியார். ஆயினும் அதன் உருவம் மனத்திற் பதிந்துவிட்டது. அதற்குள் அவரையே காய்ச்சல் பற்றிக்கொண்டது. எச்சரிக்கையாகக் கொயினா உட்கொண்டு வந்தும் நோய் அவரை விடவில்லை. அக்கொயினாவைத் தரும் சிங்கோனா மரங்கள் 1860களிலிருந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராகி வந்தன. ஒரே மலையின் ஒரு சரிவில் நோயும் மற்றொரு சரிவில் மருந்தும் வளர்ந்தன என்பது வியப்புக்குரியது.

உடல் தேறிச் செகந்தராபாத்துக்குத் திரும்பிய ராஸ், புள்ளிச் சிறகுக் கொசுவைத் தேடலானார். அதுவரை அவர் அறுத்துப் பார்த்த கொசுக்களெல்லாம் வேறு இனத்தவை. ஆகஸ்டு மாதத்தில் அவருடைய உதவியாளர்கள் கொணர்ந்த புழுக்களிலிருந்து அவ்வினக் கொசுக்கள் சில வெளிவந்தன. உசேன்கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி பெற்று, அவற்றைத் தம்மைக் கடிக்கவிட்டார். அக்கொசுக்களை ஒவ்வொன்றாக ராஸ் அறுத்துப் பார்த்தார். கோடைப் புழுக்கத்தில் விசிறி போட்டால் கொசுவின் உறுப்புகள் பறந்துவிடும். ஆதலால் வியர்வை வழிய வழிய அமர்ந்திருந்தார். ஆகஸ்டு 20ஆம் நாள், எஞ்சியிருந்த ஒரு சில கொசுக்களுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில், லவரான் கண்ட அதே கருநிறத் துகள்களையுடைய உயிரணுக்களைக் கண்டார். மலேரியாவைச் சுமக்கும் அனாபிலிஸ் கொசு இவ்வாறு அகப்பட்டது. அந்நாளை உலகம் இன்றும் கொசு நாளாகக் குறித்துவருகிறது.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் முகம்மது பக்சு என்னும் உதவியாளருடன் சிட்டுக்குருவி முதலிய பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்தார். ஒட்டுண்ணி கொசுவின் இரைப்பையினின்று உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது பறவையின் உடலிற் புகுகிறது என்பதை மெய்ப்பித்தார். மனிதரிடத்து அதே சுழற்சியை இத்தாலிய அறிஞர் கிராசி முதலியோர் காட்டினர். எவர் முதல்வர் என்னும் பூசல் நெடுநாள் நடந்தது. அதனை விரித்துரைப்பதால் நமக்குப் பயனில்லை. 1902ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு ராஸுக்கே வழங்கப்பட்டது.

பெரும்பாலான நூல்கள் ராஸின் வரலாற்றை இவ்விடத்தில் முடித்துவிடும். அவருக்கோ கடினமான போராட்டம் இனித்தான் தொடங்கிற்று. கொசுவாற் காய்ச்சல் பரவுகிறதென்றால், கொசுவைக் குறைத்தாற் காய்ச்சல் குறையவேண்டும் என்று அவர் வாதிட்டார். இலாகூரை அடுத்த மியான்மீர்ப் படைநிலையத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருத்தைச் சோதித்தனர். கால்வாய்ப் பாசனம் மிகுந்த அவ்விடத்திற் சில ஆண்டுகள் முயன்றும் காய்ச்சல் ஒழியவில்லை. சோதனை அரைகுறையானது என்று ராஸ் மறுத்தார். எனினும் அதிகாரிகள் ஊக்கம் இழந்தனர். கடைசிக் கொசு வரையில் எவராற் கொல்ல இயலும் என்று ஒரு சாரார் வினவினர். உள்ளூரிற் கொன்றாலும் வெளியூர்க் கொசு பறந்து வாராதோ என்றனர் மற்றொரு சாரார். இலட்சக்கணக்கான மக்களின் உயிர் இவ்வினாக்களின் விடையைச் சார்ந்திருந்தது. நுண்ணோக்கியால் இவற்றுக்கு விடை காண இயலாது. ராஸ், இளமையிற் கற்ற கணிதத்தின் துணையை நாடினார்.

வெளியூர்க் கொசுவைப் பற்றிய வினாவை 1904ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டார். கொசு குறித்த இடம் நோக்கிப் பறப்பதன்று. இங்குமங்கும் திரும்பித் திரும்பிப் பறப்பது. அவ்வாறு திரிகின்ற உயிர் தொடங்கிய இடத்தினின்று நெடுந்தொலைவு செல்லுதல் அரிது. ஆதலின் ஓர் ஊரைச் சுற்றிச் சிறிது தொலைவு வரை நீர்த்தேக்கங்களை ஒழித்தால், ஊர் நடுவிற் கொசுக்கள் மிகவும் அருகிவிடும் என்று கணித்தார். இக்கணக்கின் முழுத் தீர்வைத் தேடிய புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன், 1905ஆம் ஆண்டில் அதை அறிவுலகின்முன் வைத்தார். தாறுமாறு நடை என்று இன்று இயற்பியலாரும் பொருளியலாரும் பயிலும் கணிதப் பகுதிக்கு அப்பெயரும் முகமும் அமைந்தது அப்போதுதான்.

கொள்ளைநோயைக் கணக்கில் அடக்க முயன்றவர்களுள் ராஸ் முதல்வர் அல்லர். அவர் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோதே இங்கிலாந்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1865ஆம் ஆண்டின் கோடையில் வெளிநாட்டு மாடுகளோடு வெக்கை நோய் அந்நாட்டிற் புகுந்தது. நம் நாட்டு உழவரும் நன்கறிந்திருந்த கொடிய மாட்டுநோய் அது. காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டு, சில நாள்களில் மாடு வீழ்ந்துவிடும். நான்கு வாரத்திற்கு ஒரு தொகையாகக் கணக்கிட்டபோது, நோயுற்ற மாடுகள் 9,597, 18,817, 33,835, 47,191 என ஏறிச்சென்றன. நாட்டின் மாட்டுச் செல்வமே அழிந்துவிடும் என்று மக்கள் நடுங்கினர். அப்போது வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞர், நோய் விரைவில் உச்சத்தை எட்டி இறங்கிவிடும் என்று 1866ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாளிதழ் ஒன்றுக்கு எழுதினார்.

அவர் எவ்வாறு துணிந்து கூறினார்? தொகைகள் ஏறிக்கொண்டிருந்தன என்பது மெய்யே. ஆனால் இரண்டாம் தொகை முதல் தொகையைப்போல் ஏறத்தாழ 1.96 மடங்கு, மூன்றாவது, இரண்டாவதைப்போல் 1.80 மடங்கு, நான்காவது, மூன்றாவதைப்போல் 1.39 மடங்கே. தொகை வளர்ந்தது, வளரும் வேகமோ தளர்ந்தது. மேல்நோக்கி எறிந்த கல் ஏறும்போதே வேகம் குன்றுவதை நாம் காண்கிறோம் அல்லவா? தளர்ச்சி இதே முறையிற் சென்றால் அடுத்த தொகைகள் 43,182, 21,927, 5,226, 494 என்றும், இறுதியில் 16 என்றும் குறையும் என அவர் கணித்தார். பலர் நகைத்தனர். உண்மையில் நோய் அவர் கூறியதைவிடச் சற்று உயர ஏறிற்று, மெதுவாகவே தேய்ந்தது. ஆயினும் அவர் கூறியவாறே அவ்வாண்டின் வசந்தத்தில் உச்சம் கடந்து இறங்கத் தொடங்கிற்று. நோயுற்ற மாடுகளைக் கொல்லவும் மாடுகளை இடம்விட்டு இடம் ஓட்டிச்செல்வதைத் தடுக்கவும் அதே பிப்ரவரியில் அரசு சட்டம் இயற்றியதும் அதற்கு ஒரு காரணம். ஆதலின் முழுப் பெருமையையும் ஃபாரின் கணக்குக்குக் கொடுத்துவிட இயலாது.

ஃபாரின் முறையில் ஒரு குறை உண்டு. வளைகோட்டின் ஒரு பகுதியைக் கண்டு மறுபகுதியை அவர் ஊகித்தார். அவ்வளைவு தோன்றுவதற்குரிய காரணங்களைக் கணக்கிற் சேர்க்கவில்லை. கொசுவிற் பாதியைக் கொன்றால் என்ன நேரும், மாடுகளிற் பாதிக்குத் தடுப்பு அளித்தால் என்ன நேரும் என்று வினவினால் அக்கணக்கு ஊமையாகிவிடும். ராஸ் எதிர்த்திசையினின்று வந்தார். நோய் பரவுதற்கு எவை எவை நிகழவேண்டும் என்று முதலில் வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றினார். அவ்வெண்களினின்று வளைகோடு தானே பிறக்குமாறு செய்தார்.

அவர் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு நோயாளியை அணுகும் அனாபிலிஸ் கொசுக்களில் நான்கில் ஒன்றே அவரைக் கடிக்க வல்லது என்று கொள்வோம். கடித்த கொசுவின் உடலில் ஒட்டுண்ணி முதிர்ச்சியடையப் பத்து நாள் அளவாகும். அதுகாறும் உயிர்வாழும் கொசு மூன்றில் ஒன்று எனக் கொள்வோம். உயிர்பிழைத்தவற்றுள்ளும் நான்கில் ஒன்றே மற்றொரு மனிதரைக் கடிக்கும் என்க. நான்கு, மூன்று, நான்கு ஆகியவற்றைப் பெருக்கினால் 48 வரும். அஃதாவது 48 கொசுக்களுள் ஒன்றே நோயைக் கொண்டுசேர்க்கும். நோயாளி குணமடைவதற்குள் அவரை 96 கொசுக்கள் அணுகுமாயின் ஒருவர் நோய் இருவரைப் பற்றும், இருவர் நால்வராவர். கொசுக்களைக் குறைத்து 24 ஆக்கினால், நூறு நோயாளிகளினின்று ஐம்பதின்மரும், ஐம்பதின்மரினின்று இருபத்தைவருமே நோயுறுவர். ஊரில் இன்னும் கொசு பறந்துகொண்டிருக்கும், காய்ச்சலோ தேய்ந்துபோகும்.

கடைசிக் கொசு வரையிற் கொல்லவேண்டும் என்பதில்லை. ஒரு வரம்புக்குக் கீழே அவற்றின் தொகையைக் குறைத்தாற் போதும். ராஸின் கணிதம் நிலைநாட்டிய உண்மை இதுவே. 1907ஆம் ஆண்டின் இறுதியில் மலேரியாவை ஆராய மொரீசியசுத் தீவுக்குச் சென்ற அவர், 1908ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இக்கணக்கைச் சேர்த்தார். 1910ஆம் ஆண்டில் மலேரியாத் தடுப்பைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலிலும் விரித்துரைத்தார். அக்கால மதிப்பீடுகளைக்கொண்டு அவர் கண்ட வரம்பு, மக்களுள் ஒருவருக்கு ஏறத்தாழ 40 அனாபிலிஸ் கொசுக்கள் என்பது. அவ்வெண் இடத்துக்கு இடம் மாறக்கூடியதே. பின்னாளில் ஜார்ஜ் மக்டொனால்டு என்னும் அறிஞர், கொசுவின் வாழ்நாளே கணக்கில் மிகுந்த வலிமையுடைய உறுப்பு என்று காட்டி அதனைத் திருத்தினார். வரம்பு உண்டு என்னும் உண்மை மட்டும் மாறவில்லை.

மலேரியாவுக்கு அமைத்த கணிதத்தைத் தொற்றி நிகழ்வன அனைத்துக்கும் விரிக்க ராஸ் விரும்பினார். ஹில்டா ஹட்சன் என்னும் கணித அம்மையாரின் துணையோடு 1916, 1917ஆம் ஆண்டுகளில் அதனை உருவாக்கினார். மருத்துவர்கள் கணிதம் அறியார். கணிதவாணர்கள் நோயை அறியார். ஆதலின் அக்கட்டுரைகளை அன்று படித்தோர் மிகச் சிலரே. படித்தவருள் ஒருவர் மெக்கண்டிரிக். 1901ஆம் ஆண்டில் ராஸுடன் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்றவர். பின்னர் இமயச் சாரலில் கசௌலியில் உள்ள பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். 1907ஆம் ஆண்டில் நம் குன்னூரில் தொடங்கப்பெற்ற பாஸ்டர் நிலையத்திற்கு மூத்தது அது. ஸ்காட்லாந்து திரும்பிய மெக்கண்டிரிக், ஆய்வுக்கூட விபத்தில் கண்ணொளி இழந்த கெர்மக் என்னும் வேதியியலாருடன் கூடி, 1927ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பம்பாயில் 1905, 1906ஆம் ஆண்டுகளில் நேர்ந்த பிளேக்குச் சாவுகளின் ஏற்ற இறக்கத்தோடு அவர்தம் கணிதம் ஒத்துச்சென்றது. கொள்ளைநோய் தணிவதற்கு எல்லாரும் நோயுற்று முடிந்திருக்க வேண்டுவதில்லை; நோய்க்கு இடங்கொடுப்போர் தொகை ஒரு வரம்புக்குக் கீழே குறைந்தவுடன் அது தேயத் தொடங்கும் என்று அவர்கள் காட்டினர். ஃபார் கண்ட வளைவு ஏன் இறங்கிற்று என்பதற்கு விடை இவ்வாறு கிடைத்தது. வெக்கையினின்று பிழைத்த மாட்டை அந்நோய் மீண்டும் பற்றாது. மந்தையில் அத்தகைய மாடுகளும் இறந்தனவும் பெருகப் பெருக, நோய் அடுத்துத் தாவுவதற்கு இடமின்றிப் போகிறது.

ராஸ் இனிய இயல்புடையவர் என்று கூறுதற்கில்லை. தமக்கு உரிய பெருமையும் ஊதியமும் கிடைக்கவில்லை என்னும் மனக்குறை அவரை இறுதிவரை வாட்டிற்று. 1928ஆம் ஆண்டில் தம் ஆய்வுக் குறிப்புகளையும் கடிதங்களையும் அவர் விற்றார். அவற்றைச் சீமாட்டி ஒருவர் 2,000 பவுன் கொடுத்து வாங்கினார். எனினும் கல்கத்தா மக்கள் அவரை மறக்கவில்லை. 1927ஆம் ஆண்டில் அவர் ஆய்வு நடத்திய மருத்துவமனையின் மதிலில் நினைவு வாயில் திறந்தபோது ராஸும் வந்திருந்தார். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில் காலமானார்.

ஃபார் எண்ணிய வெக்கை நோய் நம் நாட்டில் அதன்பின்னும் நெடுங்காலம் உழவரின் கண்ணீராக இருந்தது. 1954ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாடுகளுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இட்டனர். எஞ்சிய இடங்களைத் தேடித் தேடி, நோய் தாவும் வழிகளை அடைத்தனர். 1995ஆம் ஆண்டிற்குப் பின் இந்தியாவில் ஒரு மாடும் அந்நோயால் வீழவில்லை. 2006ஆம் ஆண்டில் இந்தியாவும், 2011ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்கு அடுத்தபடி மண்ணுலகினின்றே மறைந்த நோய் அது ஒன்றே. ராஸ் காய்ச்சலுற்ற சீகூர்ச் சரிவின் அடியில், மசினகுடியைச் சுற்றியுள்ள பட்டிகளினின்று மாடுகள் இன்றும் காலைதோறும் மேய்ச்சலுக்குச் செல்கின்றன.